ஈட்டியருக்கும் குள்ளருக்கும் நடுவே நான்கு அங்குலம்

மேசைக்களம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் கூட்டுப்போர் பற்றியவை. சின்ன உருவங்களாலான படைகளை மேசையில் நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி ஆடும் போர் விளையாட்டில் ஒரே பக்கத்தில் இரண்டு பேர், எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர், நடுவே மேசை. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் அது. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

*

லீஸ்டரிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: எங்கள் கழகத்தில் இன்னும் வோர்ஹாமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டின் 7ஆம் பதிப்பு விதிகளில்தான் ஆடுகிறோம். என்னுடையது ஓர்க், கொப்ளின் என்ற கற்பனைப் பூதங்களின் படை. கூட்டாளியுடையது வம்பயர் படை, அதாவது இரத்தக்காட்டேரியும் எலும்புக்கூடுகளும் கொண்ட இறந்தோர் படை. தனித்தனியே ஆடினால் இரண்டு பேருமே வெல்கிறோம். சேர்ந்து ஆடிய மூன்று போரிலும் தோல்வி. இப்போது அவன் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அடுத்த மாதம் இன்னொரு போர் இருக்கிறது. எங்கே பிழை விடுகிறோம்?

தம்பி, எந்த அணி எந்த அணியை அடித்தது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடைசி அணிக்கும் அவருடைய முதல் அணிக்கும் நடுவே எத்தனை அங்குலம் இருந்தது என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. எனக்கு வேண்டியது அந்த வரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

2008 பெப்ரவரி. நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபம். எட்டு அடி நீளம், நான்கு அடி அகலத்துக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தோம். ஆளுக்கு 2000 புள்ளி மதிப்புள்ள படை. என்னுடையது குள்ளர் படை. என் கூட்டாளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். அவருடையது எம்பயர், அதாவது மனிதர் படை. எதிரே இருந்தது, தம்பி, உங்கள் கூட்டேதான்: ஓர்க்குகளும் வம்பயரும். நடுவிலிருந்த மேட்டைப் பிடிப்பதுதான் அன்றைய இலக்கு.

நாங்கள் மேசையை ரொட்டியை வெட்டுவதுபோல நடுவால் பிரித்துக்கொண்டோம். இடப்பாதி எனக்கு, வலப்பாதி அவருக்கு. அவர் தன் பாதியில் எதை எங்கே வைக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. என் பாதியை அவர் பார்க்கவில்லை. என் பாதியின் வலக்கரையில் இருபது குள்ள வீரர், ஐந்தைந்தாக நான்கு வரிசை. அவர்களை ஒட்டி அவருடைய இருபத்தைந்து ஈட்டியர். அவருடைய தளபதி குதிரை வீரர்களோடு வலப்பக்கக் கோடியில் நின்றார்.

குள்ளர் ஒரு முறைக்கு மூன்று அங்குலம் நடப்பார்கள். விரைந்து நடந்தால் ஆறு. மனிதருக்கு நான்கு, விரைந்தால் எட்டு. முதல் முறையில் இருவரும் விரைந்தோம். இரண்டாம் முறையிலும் விரைந்தோம். ஈட்டியர் எனக்கு நான்கு அங்குலம் முன்னால் போய்விட்டார்கள். பெரியவர் வலப்பக்கத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடப்பக்கத்தில் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் மேசையோரம் நின்றும் நடுவைப் பார்க்க ஆளில்லை.

மூன்றாம் முறையில் வம்பயரின் ஓநாய்கள் பதினெட்டு அங்குலம் பாய்ந்து, ஈட்டியருக்குப் பக்கத்தில் நின்ற துப்பாக்கியரைப் பிய்த்துவிட்டன. துப்பாக்கியர் ஓடினார்கள். ஆறு அங்குலத்துக்குள் நண்பர் அணி உடைந்து ஓடினால் பீதிச் சோதனை, உங்களுக்குத் தெரியும். ஈட்டியரின் தலைமைப் புள்ளி 7; இரண்டு கட்டையின் கூட்டு அதைத் தாண்டினால் ஓட்டம்தான். அவர்களுடைய தளபதி பன்னிரண்டு அங்குலத்துக்கு அப்பால், அதனால் அவருடைய தலைமையைக் கடன் வாங்க முடியாது. என் குள்ள அரசனோ அவர்களுக்கு அடுத்தாற்போல், ஐந்து அங்குலத்தில் நிற்கிறான், தலைமை 10. ஆனால் ஒரு படைத் தளபதியின் தலைமை மற்றப் படைக்குச் செல்லாது என்பது எங்கள் கழகத்தின் ஏற்பாடு. இரண்டு கட்டை உருட்டி 7 அல்லது அதற்குக் கீழே வர 36இல் 21 வாய்ப்பு. 10 அல்லது அதற்குக் கீழே வர 36இல் 33. பெரியவர் உருட்டினார். நான்கும் ஐந்தும். ஒன்பது. ஈட்டியர் திரும்பி என் குள்ளருக்குள்ளாலேயே ஓடினார்கள்.

என் குள்ளர் பீதி கொள்ளவில்லை. நின்றார்கள். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர்கள் நின்றாலும் வலப்பக்கத்தில் ஒரு பெரிய வெறுமை திறந்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. முன்னால் கொப்ளின் கூட்டம் என்னைக் கட்டிப்போட்டது. நான்காம் முறையில் ஓர்க் அணி ஒன்று அந்த வெறுமைக்குள் நுழைந்தது. ஐந்தாம் முறையில் அது என் பக்கவாட்டில்.

அந்த ஒரு சண்டையின் கணக்கு எனக்கு இன்றும் மனப்பாடம். புள்ளி கூடிய பக்கம் வெல்லும், வித்தியாசம் தோற்றவரின் தலைமையில் கழியும். நான் கொன்றது இரண்டு, கொடிக்கு ஒன்று, மொத்தம் மூன்று. பின்வரிசைகளுக்குக் கிடைக்கவேண்டிய மூன்று புள்ளி, பக்கவாட்டில் அடி விழுந்ததால் இல்லை. அவர்கள் கொன்றது இரண்டு, வரிசைக்கு மூன்று, கொடிக்கு ஒன்று, எண்ணிக்கைக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று. மொத்தம் எட்டு. ஐந்தால் தோல்வி. தலைமை 10இல் ஐந்து போனால் மிச்சம் 5. நான் உருட்டியது 7. மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் ஓடிப் பிடிபட்டு முடிந்தார்கள். அதே அடிகள் முன்னாலிருந்து விழுந்திருந்தால்? எனக்கு ஆறு, அவர்களுக்கு ஏழு. ஒன்றால்தான் தோல்வி, 9க்குள் உருட்டினால் போதும். அதே 7 என்னைக் காப்பாற்றியிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஒருவரும் கதைக்கவில்லை. பெரியவர் என் இருபது குள்ளரையும் ஒவ்வொன்றாக எடுத்து, கோடரி அடுத்த உருவத்தில் உரசி வர்ணம் போகாதபடி திருப்பித் திருப்பி, என் பெட்டியின் ஸ்பொஞ்சுக்குள் வைத்தார். தன் ஈட்டியரை அதற்குப் பிறகுதான் தொட்டார். அவர் மன்னிப்புக் கேட்டது அப்படித்தான் என்று எனக்கு விளங்கியது. கேட்கவேண்டியவன் நானும்தான். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய முன்னறைக் கம்பளத்தில் இரண்டு படையையும் பரப்பினோம். எதிரி இல்லை, கட்டை இல்லை. மூன்று முறைக்கு வெறுமனே நடத்திப் பார்த்தோம். நடுவில் ஓட்டை விழுந்தது. திரும்ப அடுக்கினோம், திரும்ப நடத்தினோம். மெதுவாக நடப்பவர் முதலில் நகரவேண்டும், வேகமாக நடப்பவர் அதைப் பார்த்துத் தன் அணியை நிறுத்தவேண்டும் என்ற வழக்கம் அந்தக் கம்பளத்தில்தான் எங்களுக்கு வந்தது.

இப்போது உங்கள் மேசைக்கு வாருங்கள். எலும்புக்கூடுகளுக்கும் நான்கு அங்குலம், ஓர்க்குகளுக்கும் நான்கு அங்குலம். அதனால் ஒரே வேகம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. வம்பயர் படை, தன் தளபதிக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருந்தால்தான் விரைந்து நடக்கும். தளபதி மறுகோடியில் இருந்தால், உங்கள் ஓர்க் எட்டு அங்குலம் போகையில் பக்கத்து எலும்புக்கூடு நான்குதான் போகும். ஒரே முறையில் நான்கு அங்குல ஓட்டை. எங்களுக்கு அது விழ இரண்டு முறை எடுத்தது. வம்பயர் தளபதியை உங்கள் பக்கமாக, இரண்டு படையும் சந்திக்கும் இடத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் மறுக்கலாம். அந்தத் தளபதி செத்தால் அவருடைய படை முழுவதும் உதிரத் தொடங்கும், அந்தப் பயம் நியாயமானது. அதனால், அவருக்கு முன்னால் உங்கள் ஆகப் பெரிய ஓர்க் அணியை நீங்களே கொண்டுபோய் வையுங்கள். அவருடைய தளபதியை உங்கள் தளபதியைப்போலக் காப்பீர்கள் என்று அவர் மேசையில் பார்க்கவேண்டும்.

ஓர்க்குகளின் சச்சரவுக் கட்டையை உருட்டி முடிக்கும்வரை அவர் எதையும் தீர்மானிக்க வேண்டாம். 1 விழுந்த அணி தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டு நின்றுவிட்டால், அதை நம்பி அவர் போட்ட திட்டம் பாழ். இறந்தோர் படைக்குப் பீதி கிடையாது என்பதை நீங்கள் பயன்படுத்தவே இல்லை என்று நீங்கள் அனுப்பிய வரைபடம் சொல்கிறது. கொப்ளின் அணிகளை அடுத்தடுத்து நிறுத்தினால் ஒன்று ஓட மற்றதும் ஓடும். இரண்டு கொப்ளின் அணிக்கு நடுவே ஒரு எலும்புக்கூட்டு அணி நின்றால் அந்த ஓட்டத்துக்கு ஒரு தடை இருக்கும். கூட்டாளியின் அணி உடைந்தால் உங்களுக்குப் பீதிச் சோதனை உண்டா என்பதை முதல் கட்டை உருளுமுன் நான்கு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். நடுவில் கேட்டால் சண்டைதான் வரும்.

ஃபனற்றிக்குகள் என்ற வெறிகொண்ட கொப்ளின்கள் பற்றியும் சொல்லவேண்டும். அதே ஆண்டு மே மாதம் அதே நால்வரும் மறுபடி ஆடினோம். இரவுக் கொப்ளின் அணி ஒன்று வம்பயரின் எலும்புக்கூடுகளுக்குப் பக்கத்திலேயே நின்றது. எதிரி எட்டு அங்குலத்துக்குள் வந்தால் அந்த அணிக்குள் ஒளிந்திருக்கும் ஃபனற்றிக்குகள் சங்கிலிக்குண்டைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தாகவேண்டும். பெரியவர் ஐந்தே ஐந்து குதிரைக் கைத்துப்பாக்கியரை அங்கே கொண்டுபோனார். மூன்று ஃபனற்றிக் வெளியே வந்தன. குதிரைகளில் நான்கு போய்விட்டன. ஆனால் அடுத்த முறையிலிருந்து ஃபனற்றிக் போகும் திசையைக் கட்டைதான் தீர்மானிக்கும். ஒன்று நேராக எலும்புக்கூடுகளுக்குள் சுழன்றுகொண்டு போனது. அதற்கு நண்பன், பகைவன் தெரியாது. முன்வரிசையில் ஆறில் ஐந்து தூளாகிவிட்டன. வம்பயர் ஆடியவர் தேநீர் இடைவேளை வரைக்கும் தன் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் போர் சமனில் முடிந்தது. எங்கள் நடுவில் ஆறு முறையும் ஓட்டை விழவில்லை. ஆகவே தம்பி, ஃபனற்றிக் உள்ள அணியை உங்கள் பக்கத்துக் கோடியில் வையுங்கள், நண்பருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அவர் கதைக்கவில்லை என்றால், தோற்ற கதையை எடுக்காமல், ஒரு சனிக்கிழமை உங்கள் அணிகளைத் தட்டோடு தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள். கம்பளம் இல்லையென்றால் கட்டில் விரிப்பும் போதும்.

*

பர்மிங்ஹாமிலிருந்து ஒரு வாசகர்: ஐரோப்பிய அளவில் எட்டுப் பேர் கொண்ட நாட்டு அணிகள் மோதும் போட்டி பற்றிக் கேள்விப்பட்டேன். பதினாறு படையும் ஒரே மேசையிலா?

இல்லை. அங்கே எட்டு மேசை, மேசைக்கு ஒருவருக்கு ஒருவர். எட்டு முடிவுகளையும் கூட்டித்தான் அணியின் வெற்றி. இதில் அணித்தலைவரின் திறமை கட்டை உருளுமுன்னரே தெரிந்துவிடும். யாரை யாரோடு மோதவிடுவது என்ற சோடி சேர்ப்பில் ஒரு பக்கம் ஒருவரை முன்வைக்கும். மறுபக்கம் இரண்டு பேரைக் காட்டும். முன்வைத்த பக்கம் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அதுவே மாறி நடக்கும். சில ஆட்டக்காரர் 'நீ வெல்லவேண்டாம், பெரிதாகத் தோற்காமல் இருந்தால் போதும்' என்று சொல்லி அனுப்பப்படுவார்கள். கடினமான எதிரியிடம் போய்ச் சமன் செய்துவிட்டு வருகிறவரை நான் மிகவும் மதிக்கிறேன். அவருடைய பெயர் ஒருநாளும் முன்னால் வராது.

*

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு தாய்: பதினான்கு வயது மகன் இந்த உருவங்களுக்கு வர்ணம் பூசுகிறான். ஒரு உறவினர் பழைய உலோக உருவங்கள் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார். ஈயம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

சகோதரி, 1970களிலும் 80களிலும் 90களின் முற்பகுதியிலும் வார்த்த உருவங்களில் ஈயம் இருந்தது உண்மைதான். பிறகு ஈயமில்லாத வெள்ளை உலோகம் வந்தது. இப்போது பெரும்பாலும் பிளாஸ்ரிக். பெட்டி எந்தக் காலத்தது என்று தெரியாதவரை ஈயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் கை கழுவவேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்து அராவக்கூடாது. அராவின தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், ஊதவேண்டாம். தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நான் பல் ஆய்வுகூடத்தில் செயற்கைப் பல் செய்கிறவன், தூளின் ஆபத்து எனக்குத் தெரியும். கட்டிய உருவத்துக்கு முதல் பூச்சு ஸ்பிறே அடிப்பது எப்போதும் வெளியில், முற்றத்தில். பாதுகாப்பாகச் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. 28 மில்லிமீற்றர் உருவத்தின் கண்ணுக்குள் ஒரு புள்ளி வைக்கப் பழகிய கைக்கு எந்த வேலையும் வரும்.

*

ஹரோவிலிருந்து ஒரு தந்தை: நான் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தவன். ஷெல் அடியைக் கண்டவன். பதினைந்து வயது மகன் ஞாயிறு முழுக்கப் பொம்மைப் போர் ஆடுகிறான். 'எத்தனை செத்தது' என்று அவன் சிரித்துக்கொண்டு கேட்கும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது. தடுப்பதா, விடுவதா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். என் அம்மாவும் அந்த ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து சாவகச்சேரிக்கு நடந்தவர். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுக்க எடுத்தது என்று சொல்வார். லண்டன் வந்த பிறகு ஒருநாள் என் மேசையருகில் வந்து நின்றார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செத்ததுகளை எங்க வைக்கிறனீ?" என்று கேட்டார். மேசைக் கரையில் சப்பாத்துப் பெட்டி ஒன்று இருந்தது. விழுந்த உருவங்களை அதற்குள் படுக்கவைப்பது வழக்கம். காட்டினேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டி மூடியின்மேல் நிறுத்தி வைத்தார். எங்கள் படை, அவர்கள் படை என்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் மேசையில் விழுந்தவை படுப்பதில்லை. ஒரு பலகையில் நிற்கும்.

எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913இல் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போருக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். நிலத்தில் முழங்காலில் நின்று சின்னப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டுப் பொம்மைகளை விழுத்தும் ஆட்டம் அது. இதை மூன்று நான்கு தரம் ஆடிப்பார்த்தாலே உண்மைப் போர் எவ்வளவு குளறுபடியான காரியம் என்று விளங்கிவிடும் என்று அதிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு முதலாம் உலகப்போர் தொடங்கியது. ஆகவே ஆட்டம் போரைத் தடுக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் காலத்துப் போர், எங்கள் ஊர்ப் பெயர் உள்ள வரைபடம், இவற்றை மேசையில் வைக்க என்னால் முடியாது. வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். குள்ளரும் ஓர்க்கும் எங்கேயும் பிறக்காதவர்கள், அவர்களுக்காக அழ எந்த வீட்டிலும் ஆளில்லை. அதனால்தான் நான் இந்தக் கற்பனைப் படையோடு நின்றுவிட்டேன்.

தடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் சும்மா விடவும் வேண்டாம். 'எத்தனை செத்தது' என்று அவன் கேட்கும் அந்தச் சொல் உங்களுக்கு எங்கே போய்க் குத்துகிறது என்று அவனுக்குச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும். பிறகு ஒரு ஞாயிறு கூட்டுப்போரில் அவன் பக்கத்தில் நீங்களும் ஒரு சின்னப் படையோடு நில்லுங்கள். விதி தெரியவேண்டியதில்லை, அவன் சொல்லித் தருவான். தகப்பனுக்கு அவன் சொல்லிக் கொடுக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் எத்தனையோ கதைக்கலாம்.

*

ரொறொன்ரோவிலிருந்து ஒரு வாசகி: அண்ணன் 1990களில் சேர்த்த சதுர அடித்தட்டு உருவங்கள் நிலக்கீழ் அறையில் கிடக்கின்றன. இப்போது எல்லாம் வட்டத் தட்டாமே. எறிந்துவிடலாமா?

எறியவே வேண்டாம்! 1983இல் தொடங்கிய அந்த வோர்ஹாமர் ஆட்டத்தை அதை வெளியிடும் நிறுவனம் 2015இல் நிறுத்தி, வட்டத் தட்டில் நிற்கும் புதிய ஆட்டத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் 2024 ஜனவரியில் சதுரத் தட்டு, வரிசை நடை எல்லாவற்றோடும் பழைய உலகத்தைத் திரும்ப வெளியிட்டார்கள். சில உருவங்களுக்குத் தட்டின் அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. அண்ணன் ஓர்க்குகளை 25 மில்லிமீற்றர் தட்டில் ஒட்டியிருப்பார், இப்போது 30 கேட்பார்கள். பழைய தட்டைப் பிய்க்காதீர்கள், கால் முறியும். அதற்கடியில் அளவான அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். தூசியை மென்மையான மேக்கப் தூரிகையால் தட்டுங்கள். முதலில் ஈட்டியில் ஆரம்பியுங்கள், பழைய பசை விடுவது அங்கேதான்.